கண்ணாடிச் சுவரும் காற்றாடும் கூடமும்

கவிதையை ஆய்கிறோம், நாடகத்தை ஆய்கிறோம், திரைப்படத்தையும் ஆய்கிறோம். ஆயின், நாள்தோறும் நம் தலைக்கு மேல் நிற்கும் கூரையை ஆய்வதில்லை. கட்டடம் என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. அதை எழுப்பிய சமுதாயம் எவரை மதித்தது, எவரை மறந்தது என்பதைக் கூறும் சாட்சியும் அதுவே.

தாம்பரத்தை அடுத்துள்ள சானடோரியம் நிலையத்தின் பெயர் எப்படி வந்தது? இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் விடுதி நடத்திய தமிழ் மருத்துவர் சவுரி முத்து, 1928-இல் 12 படுக்கைகளுடன் இங்கே ஒரு விடுதியைத் தொடங்கினார். அந்நோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்றும் வெளிச்சமும் ஓய்வுமே அன்று மருந்து. எனவே, கட்டடமே மருத்துவனாயிற்று! 1937-இல் அரசு அதனை ஏற்றது. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளும் அங்கே இடம் பெற்றனர். ஊர் ஒதுக்கியவர்களை அந்தக் கூடங்கள் ஒதுக்கவில்லை.

அதே 1937-இல், ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. முற்றமும் தாழ்வாரமும் கொண்ட அதன் விடுதிகள், நம் வெயிலை உணர்ந்து அமைக்கப்பட்டவை. மேல்நாட்டு அறிவு நம் மண்ணுக்கு ஏற்றபடி வளைந்தது. நாம் அதற்காக வளைய வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? பழைய மகாபலிபுரம் சாலையில் நின்று பாருங்கள்! திறக்க இயலாத கண்ணாடிச் சுவர்கள். உள்ளே நுழைந்த வெப்பத்தை வெளியேற்ற ஓயாது உழைக்கும் குளிரூட்டும் பொறிகள். உள்ளே இருப்போர்க்குக் குளிர். வாயிலில் நிற்கும் காவலாளிக்கோ அனல்! இலண்டன் நகரைப் போல் இருக்கிறது என்று பெருமை பேசுவோரும் உண்டு.

அந்த இலண்டன் என்ன சொல்கிறது என்பதையும் அவர்கள் கேட்க வேண்டாமா? 2013-இல், ஃபென்சர்ச் தெருவில் எழுந்த ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் உட்குழிந்த முகப்பு, கதிரொளியைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பின்னர் அக்கோபுரத்துக்கு நிழல்தட்டிகள் பொருத்தினர். இலண்டன் வெயிலே இதைச் செய்யுமாயின், கத்திரி வெயிலில் கண்ணாடியை நம்புவது அறிவாகுமா?

அதனினும் கொடியது கிரென்ஃபெல். உழைக்கும் மக்கள் வாழ்ந்த 24 மாடிக் குடியிருப்பு அது. குளிரைத் தடுக்கவும் தோற்றத்தைப் பொலிவாக்கவும் அதன்மேல் புதுப் போர்வை போர்த்தினர். தீப்பற்றும் பொருள் அதில் இருந்தது. பாதுகாப்புக் குறித்துக் குடியிருந்தோர் எழுப்பிய குரல் ஏற்கப்படவில்லை. 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயால் 72 உயிர்கள் மாண்டன. அத்தனை சாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது 2024-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை. எளியவர் சொல் ஏறாத இடத்தில் எழில் எதற்கு?

எனினும் அந்நாட்டில் கற்க வேண்டியதும் உண்டு. 1981-இல் மூடப்பட்ட தேம்ஸ் கரை மின் நிலையத்தை இடித்துத் தள்ளாமல், 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாக மாற்றினர். பொறிகள் இரைந்த கூடத்தில் இன்று குழந்தைகள் ஓடுகின்றனர். கிங்ஸ் கிராஸ் தானியக் கிடங்கு, 2011-இல் கலைக் கல்லூரியாயிற்று. புதியதிலும் நல்லது உண்டு. நாரிச் நகர மன்றம் வாடகைக்குக் கட்டிய கோல்ட்ஸ்மித் தெரு வீடுகள், 2019-இல் அந்நாட்டின் தலைசிறந்த கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசைப் பெற்றன. வென்றது மாளிகையன்று; கதிரவனை நோக்கி அமைந்து, எரிபொருட் செலவைக் குறைத்த எளியோர் இல்லம்!

இவற்றையன்றோ நாம் இறக்குமதி செய்திருக்க வேண்டும்? நாமோ முகப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, அகப்பொருளை விட்டுவிட்டோம். புறநகரில் வீடு வாங்குவோர் வாஸ்து கேட்கின்றனர். ஈசானிய மூலை எங்கே என்று தேடுகின்றனர். காற்று வரும் திசை எது, மழைநீர் வடியும் வழி எது என்று கேட்பவர் எத்தனை பேர்? 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்த வெள்ளம் மூலை பார்த்து வரவில்லை. பள்ளம் பார்த்து வந்தது.

2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பெரும்பணி, பாராட்டுகிறோம். ஆயினும் திறந்த நாளில் அதற்கென ரயில் நிலையம் இல்லை. மூட்டை சுமந்து, குழந்தையை இடுப்பில் ஏந்தி வரும் தாய்க்குக் கூரையின் வளைவு பெரிதா, வந்து சேரும் வழி பெரிதா? வழியையும் சேர்த்து வரைவதே வரைபடம்.

ஆகவே, எழும் ஒவ்வொரு கட்டடத்திடமும் மூன்று கேள்விகள் கேட்போம். நீ யாருக்காக நிற்கிறாய்? எங்கள் வெயிலும் மழையும் உனக்குத் தெரியுமா? உன்னுள் வாழ்வோரின் சொல்லைக் கேட்டார்களா? இவற்றுக்கு விடை கூறும் கட்டடம் ஓலைக் கூரையாயினும் கலை. கூறாதது வானை முட்டினும் வெறும் சுவரே.