டைல்ஸுக்குப் பின்னே நிற்கும் சுவர்

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியைச் சுற்றிய சிற்றூர்களில் மண்சுவர் வீடும் உண்டு, செங்கல் வீடும் உண்டு. ஷவர் வைக்க நினைப்பவர் முதலில் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும். மண்சுவர் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் ஒட்டிய டைல்ஸ் நிற்காது. குளிக்கும் இடத்துக்கு மட்டுமாவது செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ தனிச்சுவர் எழுப்புவதே வழி.

இந்திய மத்தியப் பொதுப்பணித் துறையின் முறைப்படி 1:3 சிமெண்ட் கலவையை 12 மி.மீ. கனத்துக்குப் பூசி, சதுர மீட்டருக்கு 3.3 கிலோ கணக்கில் சிமெண்ட் பால் தடவி டைல்ஸை ஒட்டுவார்கள். நம் கொத்தனார்கள் கைப்பழக்கத்தில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. பழைய பீங்கான் சுவர் டைல்ஸுக்கு இது பொருந்தியது. அது தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும், ஊறவைத்து ஒட்டினால் சிமெண்ட் பாலைப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவதோ 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சிமெண்ட் பாலுக்கு அங்கே பிடிப்பில்லை. சில வருடங்களில் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரநிலைப்படியான பசைதான் விட்ரிஃபைடு டைல்ஸுக்கு வேண்டும்.

இலங்கையில் சுவரே வேறு. தென்மேற்கில் கபுக்கல் எனும் செம்புரைக்கல், வடக்கில் பெரும்பாலும் சீமெந்துக்கல். உட்சுவருக்கு சீமெந்து, சுண்ணாம்பு, மணல் மூன்றையும் 1:1:5 என்று கலந்து பூசி, மேலே சுண்ணாம்புக் களியால் வழவழப்பாக்குவது அங்கே நெடுநாள் வழக்கம். டைல்ஸ் வரப்போகும் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு சேர்க்காத 1:3 சீமெந்துப் பூச்சு, அதுவும் சொரசொரப்பாக. எந்தச் சுவர் டைல்ஸுக்கு என்று பூசும் முன்பே முடிவாகிவிடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது அங்கே சுண்ணாம்புத் தோலையும், இங்கே பட்டியையும் பெயின்ட்டையும் முழுதாகச் சுரண்டிக் கொத்திவிட வேண்டும். மேலாகக் கீறிவிட்டு ஒட்டினால், பசை பிடிப்பது பெயின்ட்டைத்தான், சுவரை அல்ல.

காலநிலையும் வேலையை மாற்றும். இலங்கையில் நோர்வூட் பக்கத்து மலையகத்தில் மூடுபனியால் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது. அமிர்திக் கோடையில் நிலை நேரெதிர்: பூச்சு சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும். குறைந்தது 7 நாள் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும்; பிறகே காயவிட வேண்டும்.

இரு நாட்டிலும் அடிக்கடி விடுபடுவது ஒன்றுதான்: நீர்த்தடுப்புப் பூச்சு. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் சாதாரணச் சிமெண்ட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. கசிவு பின்சுவருக்குத்தான் போகும். ஷவர் பக்கம் 6 அடி உயரத்துக்கு, பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சை இரண்டு முறை, முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவது வருமாறு அடியுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைநாடா வையுங்கள். பூச்சு காய்ந்தபின் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். டைல்ஸ் கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.