கரையேறிய பின்

லண்டன் வால்தம்ஸ்டோவின் ஹோ ஸ்ட்ரீட்டில் 1930இல் கிரனாடா திரையரங்கு திறந்தது. அதன் உள்ளலங்காரத்தைச் செய்தவர் தியோடர் கோமிசார்ஜெவ்ஸ்கி, புரட்சிக்குப் பின் ரஷ்யாவை விட்டு வந்த நாடக இயக்குநர். 2003இல் மூடப்பட்ட அந்த அரங்கு 2025இல் நாடகத்துக்காகத் திரும்பத் திறந்திருக்கிறது. இதே ஊரில்தான் தமிழர்களின் கற்பக விநாயகர் கோயிலும் இருக்கிறது. ஊரைவிட்டு வந்த ஒருவர் அலங்கரித்த அரங்கைப் பார்க்கையில் கேட்கத் தோன்றுகிறது: ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன், பாஸ்போர்ட், தஞ்சக் கேஸ், ரிஜெக்ட், அப்பீல் என்று நீளும் ஈழத்தமிழரின் பயணம் திரையில் எவ்வளவு வந்திருக்கிறது?

நம் படங்களுக்குப் படகு நன்றாகத் தெரியும். 'நந்தா' (2001), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) முதல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) வரை ராமேஸ்வரக் கரையும் முகாமும் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசிப் படத்தில் கடல் சீக்கிரம் முடிந்து, வாடகை வீடு தொடங்கிவிடுகிறது. ஊர்ப்பேச்சை வாய்க்குள் அடக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தில் பழகும் அந்தக் குடும்பத்தின் பயம் எனக்குப் படகைவிட உண்மையாகப் பட்டது. லண்டனுக்கே வந்த 'ஜகமே தந்திரம்' (2021) அகதிகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் துப்பாக்கிச் சத்தத்தில் அவர்களின் அன்றாடம் கேட்கவில்லை.

காத்திருக்கும் இடங்களை ஐரோப்பியப் படங்கள் பொறுமையாகப் பார்த்திருக்கின்றன. 'இன் திஸ் வேர்ல்ட்' (2002) பெஷாவர் அருகே முகாமில் தொடங்கி, மூச்சுமுட்டும் கண்டெய்னர் வழியாக லண்டன் சேர்கிறது. 'லிம்போ'வில் (2020) ஒரு ஸ்காட்லாந்துத் தீவின் வெட்டவெளியே காத்திருப்பு அறை.

பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓடியாரின் 'தீபன்' (2015) தனித்து நிற்கும் படம். எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்தது. கான் விழாவில் தங்கப்பனை வென்றது. செத்தவர்களின் பாஸ்போர்ட்டில் மூன்று அந்நியர்கள் ஒரு குடும்பமாகிறார்கள். இருட்டில் சிறு வெளிச்சங்கள் மினுங்கி மினுங்கி நெருங்குகின்றன. தலையில் மினுங்கும் பொம்மைக் காதுகளை மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் பொருள் விற்க வருபவர் தீபன் என்பது பிறகுதான் தெரிகிறது. தஞ்ச விசாரணையில் மொழிபெயர்ப்பாளரும் தமிழர். அதிகாரி முன்னாலேயே அவருக்கு விளங்காத இன்னொரு பேச்சு நடக்கிறது. ஒரு அலுவலக அறையில் இவ்வளவு பதற்றத்தை வேறெந்தத் தமிழ்ப் பாத்திரத்தோடும் நான் உணர்ந்ததில்லை. முடிவில் அவர்கள் வந்துசேரும் இங்கிலாந்து மட்டும் வெயிலும் புல்தரையுமாக, கனவுபோல இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்து தமிழரை எப்படி வரவேற்றது என்பதற்குச் சாட்சி உண்டு. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஓடுபாதையருகே உடைகளைக் களைந்து எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற படகுக் கப்பலில் தஞ்சம் கேட்டவர்களை அடைத்து வைத்தார்கள்; பெரும்பாலோர் தமிழர். அக்டோபர் பெரும்புயலில் அது கட்டறுத்துக் கரைதட்டியது. படமாக வேண்டிய இந்தக் கதையைத் தமிழ்த் திரையில் நான் இதுவரை கண்டதில்லை.

அந்த ஆண்டே வந்த சட்டம், உரிய தாள்கள் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் 1,000 பவுண்டு என்று விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதித்தது. அதன்பின் எல்லை ஹீத்ரோவில் தொடங்கவில்லை. புறப்படும் ஊரின் டிக்கெட் கவுன்டருக்கே போய்விட்டது. இப்படிப்பட்ட சட்டங்கள் இறுக இறுகத்தான் ஏஜென்சிக்காரனின் விலை ஏறியது, செத்தவர் பாஸ்போர்ட்டுக்கும் தேவை வந்தது.