பின்னிருந்து எழுதும் பட்டியல்

நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் சமையல் பட்டியல் பின்னிருந்துதான் தொடங்கும். 25ஆம் தேதி காலை ஆப்பமும் ஆட்டுக்கறியும் என்றால், 24 பிற்பகலே மாவு அரைத்தாக வேண்டும். கெடாத பலகாரங்களுக்கு அதற்கும் சில நாள் முன்னே முறை. வறுத்த சிறுபயறு மாவில் தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, மும்மூன்றாக மாவில் முக்கிப் பொரித்தால் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, மலையாளத்தில் அது திராட்சை. குலைபோல் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் பெயர் புரியும். அச்சுமுறுக்குக்கு அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். இல்லையென்றால் மாவு ஒட்டாது. கடைசியாக எழுதுவது அளவு. அதில் அக்கம்பக்கத்துத் தட்டுகளுக்கே பெரும்பங்கு. தீபாவளிக்கு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது.