லேடீஸ் மாடலா, ஸ்மால் சைஸா?

"லேடீஸ் மாடல் இருக்குதுங்க மேடம், பாக்கறீங்களா?"

கோவையில் மவுண்டன் பைக் கேட்டுக் கடையேறும் பெண்ணுக்கு இந்தக் கேள்வி தப்பாது. நான் ரோடு பைக் வாங்கியபோது உயரம் கேட்டார்கள், கால் அளவு எடுத்தார்கள், ஸ்டெம் 80 மில்லிமீட்டர் போதுமா, 90 வேண்டுமா என்று உட்கார்ந்து விவாதித்தார்கள். மலை சைக்கிள் என்றதும் பேச்சு நிறத்துக்குத் தாவிவிடுகிறது. ஊதா இருக்கிறது, கடல்பச்சை இருக்கிறது, எது எடுத்துக்கொள்கிறீர்கள்?

இரண்டு வண்டிகளைக் கோத்தகிரிக்கு ஏற்றிக்கொண்டு போய், தெரிந்தவர்களின் தேயிலைத் தோட்டத்தில் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒன்று பெண்களுக்கென்றே விற்கப்படுவது. இன்னொன்று ஆண், பெண் என்று எதுவும் எழுதாத ஸ்மால் சைஸ். இரண்டுமே அலுமினிய ஃபிரேம், இரண்டிலும் முன்னால் மட்டும் ஷாக், 100 மில்லிமீட்டர் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 27.5 இஞ்ச் சக்கரம். மாடல் பெயர்களை விட்டுவிடுகிறேன். அவை வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. என் அளவுகள்தான் முக்கியம்: உயரம் 157 செ.மீ., உள்கால் 73 செ.மீ., எடை 52 கிலோ. உங்கள் எண்கள் வேறாக இருந்தால் என் முடிவும் உங்களுக்கு வேறாகலாம்.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம். லேடீஸ் மாடல் எனக்காக நல்லபடியாக மாற்றித் தந்த எல்லாமே நானே கொஞ்சம் காசில் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்றச் செலவு பிடிக்கிற, அல்லது மாற்றவே முடியாத இரண்டில் ஒன்றை அது தொடவேயில்லை, இன்னொன்றைத் தொட்டும் எனக்கு உதவவில்லை. தொடாதது ஃபோர்க், தொட்டது ஃபிரேம்.

முதலில் ஃபோர்க். நடுத்தர விலை வரைக்குமான மலை சைக்கிள்களில் பெரும்பாலும் காயில் ஃபோர்க்தான் வரும். உள்ளே இரும்பு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எழுபது, எண்பது கிலோ ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. மேலே ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினால் இளகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். அது ப்ரீலோட் திருகு. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்குமே தவிர ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாது. முழுக்கத் தளர்த்தினாலும் 52 கிலோவுக்கு அது விறைப்புதான்.

சோதித்துப் பார்க்க ஒரு ஜிப் டை போதும். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் லேசாகக் கட்டி, கீழே தள்ளிவிட்டு இறக்கத்தில் இறங்க வேண்டும். ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் டை மேலே ஏறி நிற்கும். தேயிலை ஏற்றும் டிராக்டர்கள் மழையில் போட்ட தடம் வெயிலில் இறுகிப் பாறையாகக் கிடந்த பாதை அது. நடுநடுவே கல் பாவிய துண்டுகள், ஓரத்தில் சில்வர் ஓக் சருகு; சருகுக்கடியில் கல்லா குழியா என்று ஏறினால்தான் தெரியும். லேடீஸ் மாடலில் கீழே வந்து பார்த்தபோது டை பாதி தூரம்கூட ஏறவில்லை. 100 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்குப் பணம் கொடுத்து அதில் 45-ஐத்தான் அனுபவிக்கிறேன். மிச்ச அதிர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கு வந்தது.

இன்னொரு வண்டியில் ஏர் ஃபோர்க். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த காற்று. ஷாக் பம்ப் என்று சின்னதாக ஒன்று தனியாக வரும். அதை மாட்டி 70 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 58-இல் நிறுத்தினேன். அசையாமல் வண்டியில் ஏறி நின்றால் ஃபோர்க் 20 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதே இறக்கத்தில், டைக்குப் பதிலாக இந்த ஃபோர்க்கின் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம் 85 வரை ஏறியது. கீழே இருக்கும் சிவப்புத் திருகையும் மறக்க வேண்டாம். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாகத் திரும்ப எழவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எடை குறைந்தவர்களுக்கு காற்றழுத்தம் குறைவு, ஆகவே எழும்பும் வேகமும் குறைந்துவிடும். திருகை வேகமான பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்தடுத்த குழிகளில் ஃபோர்க் எழுந்திருக்க நேரமில்லாமல் அமுங்கியே கிடக்கும். காயிலை விட ஏர் ஃபோர்க் எடையும் குறைவு, பெரும்பாலும் அரைக் கிலோ அளவுக்கு. ரோடு பைக்கில் பத்து கிராமுக்குக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தனி சந்தோஷம், ஆனால் மொத்த வண்டி 13, 14 கிலோ என்பதை நினைத்தால் சந்தோஷம் அடங்கிவிடும்.

அடுத்தது ஃபிரேம். ரோடு சைக்கிள்காரர்கள் நாம் அளவுப் பட்டியல் படிக்கத் தெரிந்தவர்கள், அந்தத் தெரிதலே இங்கே காலை வாருகிறது. என் ரோடு பைக்கின் டாப் ட்யூப் 52 செ.மீ. ஸ்மால் மலை சைக்கிளின் பட்டியலில் 58 என்று போட்டிருக்கிறது. ஐயோ, நீளம் என்று எக்ஸ்ட்ரா ஸ்மாலுக்கு ஓடத் தோன்றும். ஓட வேண்டாம். ரோடு பைக்கில் 52-க்கு மேல் 9 செ.மீ. ஸ்டெம், அதற்கு மேல் கை வைக்கும் ஹூட் வரை இன்னும் 8. மொத்தம் 69. மலை சைக்கிளில் 58, ஸ்டெம் 5, அவ்வளவுதான்; கைப்பிடி அதற்குப் பிறகு நம்மை நோக்கித்தான் வளைகிறது. பட்டியலில் நீளமாகத் தெரிகிற வண்டியில் கை ஆறு செ.மீ.யாவது கிட்டே இருக்கிறது. முன்சக்கரம் எட்டிப் போய்விடுவதால் இறக்கத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கியெறியப்படும் பயமும் குறைகிறது. இந்த லேடீஸ் மாடலில் டாப் ட்யூபைக் குறுக்கியிருந்தார்கள். சமதரையில் சௌகரியம். செங்குத்தான இறக்கத்தில் மூக்கு முன்சக்கரத்துக்கு மேலேயே இருப்பது போல ஒரு உணர்வு.

இந்தக் குறுக்கல் எங்கிருந்து வந்தது? பெண்களுக்குக் கால் நீளம், உடல் குட்டை என்ற பழைய நம்பிக்கை. 1985-இல் அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி பெண்களுக்கென்று சைக்கிள் கம்பெனி தொடங்கியபோது, சின்ன ஃபிரேமில் நீளத்தைக் குறைக்க முன்னால் 24 இஞ்ச் சக்கரம் வைத்தார். உயரம் குறைந்தவர்களுக்கு வண்டியே செய்யாத காலம். அன்றைக்கு அது உண்மையான விடுதலை. அதற்குப் பிறகு பல கம்பெனிகள் சக்கரம் வரைக்கும் யோசிக்காமல் டாப் ட்யூபைக் குறைத்து, பூப்போட்டு விற்றன. ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஃபிட்டிங் நிலையங்களில் சேர்ந்த அளவுகளை அலசிவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இருக்கும் வித்தியாசம் குறைந்ததல்ல என்று சொல்லி, பெண்களுக்கான தனி ஃபிரேமைக் கைவிட்டது. சான்டா குரூஸின் சகோதர பிராண்டான ஜூலியானாவில் ஃபிரேம் அதேதான். நிறமும் எடை குறைந்தவர்களுக்கான ஷாக் அமைப்பும்தான் வேறு. என்னைக் கேட்டால் அதுதான் நியாயமான 'லேடீஸ் மாடல்'. எதிர்ப்பக்கத்தில் ஜயண்ட்டின் லிவ் இருக்கிறது. ஜயண்ட்டின் நிர்வாகி பானி டூ 2008-இல் தொடங்கியது; இன்றுவரை பெண்களுக்கென்று ஃபிரேமையே தனியாக வடிவமைக்கிறார்கள். ஆக, லேடீஸ் என்ற சொல்லுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் வேறு. கடையில் கேட்க வேண்டியது, "இதே கம்பெனியோட சாதா ஸ்மாலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்பதுதான். சீட்டும் பெயின்ட்டும் என்று பதில் வந்தால் சாதா ஸ்மாலையும் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

சக்கர அளவும் சைஸோடு சேர்ந்தது. 29 இஞ்ச் ரிம்மும் நம் ரோடு பைக்கின் 700சி ரிம்மும் ஒரே விட்டம், 622 மில்லிமீட்டர். அதன்மேல் இரண்டேகால் இஞ்ச் டயர் ஏறும்போது சின்ன ஃபிரேமில் ஹேண்டில்பார் உயர்ந்துவிடும், கூர்மையாகத் திரும்பினால் ஷூ நுனி டயரில் உரசலாம். ட்ரெக் மார்லின் போன்றவற்றில் சின்ன சைஸ்களுக்கு 27.5 கொடுப்பது இதனால்தான். என் உயரத்தில் 29 வேண்டும் என்று அடம்பிடிப்பதில் பயனில்லை.

லேடீஸ் மாடலைக் குறையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை. ஹேண்டில்பார் 680 மில்லிமீட்டர்; ஏறியதுமே தோளுக்குச் சரியாக இருந்தது. மற்றதில் 740, முதல் அரைமணி நேரம் எருமைக் கொம்பைப் பிடித்திருப்பது போலிருந்தது. கைப்பிடி ரப்பர் மெலிது, சின்னக் கைக்கு அடங்கியது. பிரேக் லீவரும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில். ஆனால் பாருங்கள், அகல பாரை இருபுறமும் 15 மில்லிமீட்டர் அறுத்துவிடலாம். ரப்பர் சில நூறு ரூபாய். லீவரை உள்ளே இழுக்க ஒரு திருகு இருக்கிறது, அல்லன் கீ போதும்.

லீவரைப் பற்றித் தோட்டத்துக்கு உடன் வந்த மெக்கானிக் தம்பிதான் ஒன்றைக் கவனித்தான். "அக்கா, நாலு வெரல்லயும் பிரேக் புடிக்கறீங்க. ஒரு வெரலு போதுங்க்கா. மிச்சம் மூணுல ஹேண்டில விடாம புடிங்க." சொல்லிவிட்டு இரண்டு லீவர்களையும் கழற்றி, கைப்பிடியிலிருந்து இரண்டு செ.மீ. உள்ளே தள்ளி மாட்டினான். ஆள்காட்டி விரல் இப்போது லீவரின் நுனிக் கொக்கியில் உட்கார்ந்தது. அதே பிரேக், பாதி பலத்தில் நின்றது. ரோடு பைக்கிலிருந்து வருகிறவர்கள் வாங்கிய அன்றே இதைச் செய்துவிடலாம், காசே இல்லை. கூடவே எந்தப் பக்க லீவர் முன்பிரேக் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ரோடு பைக்குக்கு நேர்மாறாக மாட்டியிருந்தால் சருகு இறக்கத்தில் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

கியரில் யோசிக்க அதிகமில்லை. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் 32, பின்னால் 11-லிருந்து 51 வரை. என் ரோடு பைக்கில் கடைசிக் கியர் 34-க்கு 32. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. மண் ஏற்றத்தில் அந்த வேகம் என்னால் முடியாது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். 32-க்கு 51-இல் அதே மிதிக்கு 5 கி.மீ. உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும் என்பதால் உட்கார்ந்தே ஏற முடிவது பெரிய விஷயம். இன்னொரு கோடியில், 90 சுற்றுக்கு 34 கி.மீ.க்கு மேல் போகாது. அவிநாசி ரோட்டில் நண்பர்களோடு பறக்க நினைத்து இதை வாங்க வேண்டாம். மூன்று செயின்ரிங் 21 கியர் என்று எண்ணிக்கை காட்டும் வண்டிகளை விட இந்த ஒற்றை ரிங் எவ்வளவோ மேல். முன்னால் செயின் விழுகிற தொல்லையும் குறைவு.

டயர் காற்று: ரோடு பழக்கத்தில் 80 அடித்துவிடாதீர்கள். ட்யூப்லெஸ் என்றால் என் எடைக்கு முன்னால் 18, பின்னால் 21 பி.எஸ்.ஐ. சரியாக இருந்தது. ட்யூப் உள்ள டயரில் நாலைந்து கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையேல் கல்லில் இடித்து ட்யூப் நசுங்கும். பெடல்: மூன்று திருகு ரோடு கிளீட் இங்கே உதவாது, சேற்றில் நடக்கவும் முடியாது. கொஞ்ச நாள் சாதா ஃபிளாட் பெடலே போதும். சீட் மட்டும் உங்கள் ரோடு சீட்டையே கழற்றி மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

ரோடு கால்கள் வீண்போவதில்லை. 1990-இல் டுராங்கோவில் நடந்த முதல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்ற ஜூலி ஃபர்டாடோ, அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவின் தேசிய ரோடு சாம்பியன். மேலே சொன்ன ஜூலியானா பிராண்டு அவர் பெயரில்தான். பிரான்ஸின் போலின் ஃபெரான்-பிரேவோ 2014-இல் ரோட்டில் உலகப் பட்டம், 2015-இல் மலையில் உலகப் பட்டம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் தங்கம், 2025-இல் திரும்ப ரோட்டுக்கு வந்து பெண்களுக்கான டூர் டி ஃபிரான்ஸ். ஏற்றத்தில் மூச்சும் தொடையும் நமக்கு ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது இறக்கத்தில் சீட்டை விட்டு எழுந்து, முழங்கையை மடக்கி, பார்வையைத் தூரத்தில் வைக்கும் பழக்கம். அதற்கு சீட் கீழே போக வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்பது தனிக் கதை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது, தோட்டப் பாதைகள் தனியார் சொத்து. கோத்தகிரியில் காட்டுமாடு தேயிலைக்குள் நிற்பது சாதாரணம். வளைவில் மணியடித்துக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நான் எடுத்தது சாதா ஸ்மாலை. பாரை அறுத்தாயிற்று, சீட் மாற்றியாயிற்று, ஷாக் பம்ப் வாங்கியாயிற்று. அடுத்த செலவு டிராப்பர் போஸ்ட், ஓட்டும்போதே பட்டன் அழுத்தி சீட்டை இறக்க. இதிலும் குட்டையானவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: ஃபிரேமின் சீட் ட்யூபுக்குள் போஸ்ட் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்த பிறகுதான் 100 மில்லிமீட்டர் போஸ்ட்டா, 125-ஆ என்று ஆர்டர் போட வேண்டும். பாட்டில் ஸ்டாண்ட் போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே முட்டி நின்றுவிடும்.