'மொன்ஸ்டர்': ஒப்பனைக்கு அப்பால்

பெட்டி ஜென்கின்ஸ் எழுதி நெறிப்படுத்திய 'மொன்ஸ்டர்' (2003) பற்றிப் பேசுவோர் அநேகமாக ஒரே இடத்திலேயே தொடங்குகின்றனர். அழகி சார்லீஸ் தெரோன் சுமார் 30 இறாத்தல் எடை கூட்டினார், பொய்ப்பற்கள் கட்டினார், வெயிலில் வெந்த தோலுக்காகப் படைபடையாகச் சாயம் பூசிக்கொண்டார் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றிற்கான பாராட்டில் பெரும்பங்கு ஒப்பனைக் கலைஞர் டோனி ஜீக்கே உரியது.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும்போது, கள்வனுக்கு மீசையும் சிவந்த கண்ணும் வரைந்துவிட்டால் பாத்திரம் முடிந்தது என்றே என் மாணவர்கள் நினைப்பார்கள். (நமது விமர்சகர் சிலரும் அப்படித்தான்.)

தெரோனிடம் நான் கண்டது வேறு. தலையைப் பின்னே எறிந்து, நெஞ்சை நிமிர்த்தி, அடி விழுமுன்பே திருப்பியடிக்கத் தயாரானவள்போல் ஒரு நடை. வேலை கேட்டுச் சட்டத்தரணியிடம் போய் அவமானப்படும் காட்சியில் அந்த நிமிர்வு கண்ணெதிரே சரிகிறது. இதை எந்தச் சாயத்தாலும் பூச முடியாது.

ஐலீன் வூர்னோஸ் 1989-1990 காலத்தில் புளோரிடாவில் ஏழு ஆண்களைச் சுட்டுக் கொன்றவர். 2002 ஒக்டோபர் 9இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. முதலில் கொல்லப்பட்டவர் முன்னர் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காகச் சிறையிருந்தவர் என்பதை அவ்வழக்கின் யூரிமார் அறியவில்லை. படம் அக்கொலையைத் தற்காப்பாகவே காட்டுகிறது. அத்துடன் நின்றிருந்தால் இது வெறும் வக்காலத்து. பின்னால் ஒரு மனிதர் வருகிறார். அவளிடம் எதுவும் வேண்டாமல் உதவ முன்வருகிறார். அவரையும் கொல்கிறாள். செய்வது இன்னதென்று தெரிந்தே செய்கிறாள் என்பது தெரோனின் முகத்தில் இருக்கிறது. அதுவரை அவளுக்காக இரங்கிய நாம் அந்த இரக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறோம்.

குறையும் உண்டு. ஐலீனின் சிறுபராயம் சில வரி முன்னுரையோடு கடந்துபோகிறது. அந்த நடை எங்கிருந்து வந்தது என்பதற்கு அங்கேதான் விடை இருந்தது.

2004 பெப்ரவரி 29இல் தெரோன் ஒஸ்கார் பெற்றார். உயிரோடிருந்தால் ஐலீனுக்கு அன்று 48 வயது. 'அழகைத் துறந்தார்' என்ற புகழ்ச்சி எனக்கு உறுத்துகிறது. தெரோன் கழுவிவிட்ட அந்த முகத்தை ஐலீனால் கழுவ முடிந்ததில்லை. மரண தண்டனைக்கு முந்திய நாள் நிக் புரூம்பீல்ட் எடுத்த நேர்காணல் அவரது 2003ஆம் ஆண்டு விவரணப்படத்தில் இருக்கிறது. வாசகர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டே இப்படத்துக்கு வரவேண்டும் என்பேன்.