'இல்லை' வேறு, 'உனக்கு இல்லை' வேறு

ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் விவரமெல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸில் இருக்கிறது. பில் போடுகிற மென்பொருள் வேறு. இரண்டையும் ஏபிஐ வழியாக இணைக்கிறார்கள். இணைத்துவிட்டால் எல்லாத் தரவும் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லைங்க. இணைப்பு ஏதோ ஒரு யூசரின் பெயரில்தான் உள்ளே போகிறது. அந்த யூசருக்கு எது தெரியுமோ, அதுதான் இணைப்புக்கும் தெரியும்.

இது சரியான ஏற்பாடுதான். தெரியாததை அது எப்படிச் சொல்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. 1000 ரெக்கார்டில் 600-ஐப் பார்க்க மட்டும் அனுமதி இருந்தால், அந்த 600 வரும், எல்லாம் சரி என்கிற 200 குறியீட்டோடு. மீதி 400 பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒரு ஃபீல்டுக்கு அனுமதி இல்லாமல் அதைக் கேட்டால் பிழைச் செய்தி வரும். அதுவும் 'அனுமதி இல்லை' என்று சொல்லாது, 'அப்படி ஒரு ஃபீல்டே கிடையாது' என்கிற மாதிரி சொல்லும். டெவலப்பர் எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மறைப்பதிலும் நியாயம் இருக்கு. அந்நியரிடம் 'இருக்கிறது, ஆனால் தரமாட்டேன்' என்று சொல்வதே ஒரு கசிவுதான். சரி, அட்மினிடமுமா மறைக்கணும்? 'உன் இணைப்புக்கு 400 ரெக்கார்ட் தெரியவில்லை' என்று அவருக்காவது ஒரு வரி சொல்லலாமே.

சொல்லாததால் என்ன ஆகுது? கணக்கு இடிக்கும், காரணம் பிடிபடாது. கடைசியில் 'வியூ ஆல் டேட்டா' அனுமதியை டிக் பண்ணிடுவாங்க. பிரச்சினை தீர்ந்தது. அந்த டிக்கை மட்டும் பிறகு யாரும் எடுப்பதில்லை.

அதன் விலை என்ன என்று 2025 ஆகஸ்டில் பார்த்தோம். சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் ட்ரிஃப்ட் என்ற சாட் சேவை, பல கம்பெனிகளின் சேல்ஸ்ஃபோர்ஸோடு இணைந்திருந்தது. அந்த இணைப்புகளின் டோக்கன்களைத் திருடியவர்கள், யாருடைய பாஸ்வேர்டும் இல்லாமலே தரவை அள்ளினார்கள். 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது கூகுளின் பாதுகாப்புக் குழு. கிளவுட்ஃபிளேர், வெளியே போன தன் சப்போர்ட் பதிவுகளைத் தேடிப் பார்த்து, அவற்றுக்குள் 104 ஏபிஐ டோக்கன்கள் கிடந்ததாகச் சொன்னது. டோக்கன் யார் கையில் இருந்தாலும், இணைப்புக்குக் கொடுத்த அனுமதி முழுவதும் அவருக்குக் கிடைத்துவிடும்.

வேலைக்குத் தேவையான அனுமதிக்கு மேல் கொடுக்காதே என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். அட்மின்களுக்கு இது தெரியாமல் இல்லை. குறைவாகக் கொடுத்தால் மென்பொருள் சத்தமில்லாமல் தரவை விழுங்குகிறது; அதிகமாகக் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இப்படி ஒரு பொருளைச் செய்து விற்றுவிட்டு, பழியை அட்மின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

அது மாறும்வரை நாம் செய்யக்கூடியது இதுதான். இணைப்புக்கென்று தனி யூசர் வையுங்க, தேவையான அனுமதியை மட்டும் கொடுங்க. அதே கேள்வியை அட்மின் கணக்கிலும் ஓட்டி, இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் வந்தால், டிக் போடுவதற்கு முன்னால் எந்த ரெக்கார்ட் விடுபட்டது என்று தேடுங்க.