நைல் படகின் பாடத்திட்டம்

கல்விப் பயணம் என்று விற்கப்படும் கப்பல் சுற்றுலாக்களின் விளம்பரக் கையேடுகளை நான் பாடத்திட்டத்தைப் படிப்பதுபோல்தான் படிப்பேன். எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், எது விட்டுப்போயிருக்கிறது என்று. இவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று, எகிப்தின் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையில் நைல் நதியில் மூன்று நான்கு இரவுகள் மிதந்துபோகும் பயணம். பகலில் கோயில்கள். மாலையில் மேல்தளத்தில் அறிஞர் ஒருவரின் உரை. வரலாறு, பண்பாடு, அரசியல் மூன்றையும் கற்றுத் திரும்பலாம் என்பது வாக்குறுதி. பெண்களுக்கு இட ஒதுக்கீடும் உண்டு. ஹட்செப்சுட், நெஃபர்தாரி, கிளியோபாட்ரா. மூன்று ராணிகளோடு அது நிரம்பிவிடும்.

தாமஸ் குக் 1869இல் தன் முதல் குழுவை நைலுக்கு அழைத்துவந்தார். 1884இல் கார்ட்டூமில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் படையை நைல் வழியே ஏற்றிச்சென்றதும் அவருடைய நிறுவனமே. சுற்றிப் பார்ப்பதும் கைப்பற்றுவதும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (நம் அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலரும் 1950களில் மத்தியதரைக் கடல் கப்பல்களில் இப்படி உரையாற்றியவர்தான்.)

ஆனால் இந்தப் படகை ஏகாதிபத்தியத்தின் வாகனம் என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் அமீலியா எட்வர்ட்ஸ். 1873-74 குளிர்காலத்தில் தோழி லூசி ரென்ஷாவுடன் ‘ஃபிலே’ என்ற பாய்மரப் படகில் அவர் நைலில் ஏறிப்போனார். கணவனோ சகோதரனோ துணைக்கு இல்லை. 1877இல் வெளியான அவருடைய ‘நைலில் ஆயிரம் மைல்’ இன்றும் வாசிக்கச் சுகமான நூல். வீட்டு முற்றத்தைத் தாண்டக் கணக்குக் கேட்கப்பட்ட காலத்தில் ஒரு பெண்ணுக்குப் படகின் தளம் எழுதும் மேசையாகியிருக்கிறது. பிறகு 1882இல் எகிப்திய அகழாய்வு நிதியத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1892இல் இறந்தபோது, எகிப்தியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்க லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குத் தன் செல்வத்தை எழுதிவைத்தார். பெண்களுக்குப் பட்டம் கிடைத்த இடம் அது. ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை, கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் தரவில்லை.

அதே நூலில் இன்னொரு காட்சி. அபு சிம்பெலில் ராம்சேஸ் சிலையின் முகத்தில், யாரோ அச்செடுத்தபோது ஒட்டிய சுண்ணச்சாந்து வெள்ளைத் திட்டுகளாக நிற்கிறது. எட்வர்ட்ஸ் படகோட்டிகளைச் சாரம் கட்டி ஏற்றிச் சுரண்டச் சொல்கிறார். போகாத வெண்மையை மறைக்கக் காப்பியைத் தொட்டுப் பூசச் செய்கிறார். சுகமாகச் சொல்லப்பட்ட வேடிக்கைக் கதை. கல்லின் முகத்தில் விழுந்த கறை அவரை அவ்வளவு வருத்துகிறது. சாரத்தில் தொங்கியவர்களின் முகங்கள் அந்த அளவுக்கு அவரை ஈர்க்கவில்லை.

பணிப்பெண்ணின் கதை இதைவிடக் கசப்பானது. லக்சரில் வாழ்ந்து, எகிப்திய விவசாயிகளின் துன்பத்தைப் பரிவோடு கடிதங்களில் எழுதிய லூசி டஃப் கார்டனுக்கு சாலி நால்ட்ரெட் என்ற பணிப்பெண் இருந்தார். 1864 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, நைலில் படகிலேயே சாலிக்குக் குழந்தை பிறந்தது. தந்தை, அதே வீட்டின் எகிப்தியப் பணியாளர் ஓமர். சீமாட்டி ஓமரை மன்னித்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். சாலியை வேலையிலிருந்து நீக்கினார். ஊருக்கெல்லாம் விரிந்த பரிவு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சுருங்கிப்போனது.

இன்றைய கப்பலுக்கு வருவோம். அஸ்வான் உயர் அணைக்காக 1963-64இல் எகிப்திய நூபியர் ஏறக்குறைய 50,000 பேர் தங்கள் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். அபு சிம்பெல் கோயில்களை மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மறுபடி அடுக்கினார்கள். யுனெஸ்கோவின் அந்த மீட்பு முயற்சிக்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு எகிப்தியலாளர் கிறிஸ்டியான் டெரோஷ் நோப்ளெகூர் என்ற பெண். கப்பல் உரைகளில் அவர் வீராங்கனை. எனக்கும் அவர்மீது மதிப்பு உண்டு. ஆனால் துண்டு துண்டாக எண்ணிட்டு எடுத்துச்செல்ல வழியில்லாதவை மூழ்கின.

அவற்றில் பெரும்பங்கு பெண்களுடையவை. 1902இன் பழைய அணையும் அதன் உயரத்தைக் கூட்டிய பின்னாள் வேலைகளும் விளைநிலத்தை விழுங்கியபின், நூபிய ஆண்கள் கெய்ரோவில் சமையல்காரர்களாக, வாயிற்காவலர்களாகப் போய்விட்டார்கள். பேரீச்சையையும் பிள்ளைகளையும் பார்த்து ஊரை நடத்தியவர்கள் பெண்கள். பல ஊர்களில் மண்சுவர்களை மெழுகி, சித்திரம் தீட்டியவர்களும் அவர்களே. பிறப்புக்கும் திருமணத்துக்கும் ஆற்றில் இறங்கி, நீருக்குள் வாழும் தேவதைகளுக்கு உணவு படைப்பார்கள். அரசு கட்டித்தந்த வீடுகள் குடும்பத்தின் அளவைப் பார்த்து ஒதுக்கப்பட்டன. தாய் ஒரு வரிசையில், மணமான மகள் வேறொரு வரிசையில். முதல் ஆண்டில் குழந்தைகளும் முதியோரும் ஏராளமாக இறந்தார்கள். ஆறோ நடந்துபோய்க் கால் நனைக்கும் தொலைவில் இல்லை.

அந்தக் குடியிருப்புகள் எங்கோ பாலைவனத்தின் ஆழத்தில் இல்லை. கோம் ஓம்போவை ஒட்டியவை. இந்தக் கப்பல்கள் கோயில் பார்க்க நிற்கும் அதே கோம் ஓம்போ.

பயணிக்கு நூபியப் பெண் முன்னால் வருவது பெரும்பாலும் அஸ்வான் அருகே, வண்ணமடித்த வீட்டில் மருதாணி இட்டுவிடுபவளாக. சில கப்பல்களில் ‘நூபிய இரவு’ என்று ஆட்டம்பாட்டமும் உண்டு. பண்பாடு என்ற பாடம் அத்துடன் முடிகிறது. அரசியல் என்ற பாடத்துக்கு வேண்டியது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. எகிப்தின் 2014ஆம் ஆண்டு அரசியல் சட்டம், 236ஆவது பிரிவில், நூபியரைப் பத்தாண்டுகளுக்குள் தங்கள் நிலப்பகுதிக்குத் திரும்ப அழைத்துவரும் திட்டங்களுக்கு உறுதி தந்தது. அதே ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணை 444, எல்லையோர நிலங்களை ராணுவப் பகுதியாக அறிவித்தது. நூபியர் திரும்ப விரும்பிய ஊர்கள் பலவும் அதற்குள் அடங்கின.

2024 வந்துபோய்விட்டது. கோம் ஓம்போவில் கோயிலை ஒட்டி, பதப்படுத்தப்பட்ட முதலைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் பயணிகள் கப்பலுக்குத் திரும்புகிறார்கள்.